தொண்டர்கள் வளர்த்த அறிவியல் மாநாடு

வளைகுடாவின் இந்தியப் பள்ளி ஒன்றில் படிக்கும் மாணவி தான் வாழும் ஊரைப் பற்றித் தானே ஒரு கேள்வியை எழுப்பி, மாதக்கணக்கில் அளந்தும் குறித்தும் விடை தேடி, அதை இந்தியாவின் தேசிய மேடையில் விஞ்ஞானிகள் முன்னால் எடுத்துச் சொல்கிறாள் என்றால், அந்த எட்டு நிமிடப் பேச்சுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பகுதி சம்பளம் வாங்காதவர்களுடையது. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், வங்கி ஊழியர்கள், தொலைபேசித் துறை ஊழியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் விடுமுறை நாட்களைக் கொடுத்து வளர்த்ததுதான் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. அதன் வரலாற்றை நம் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு இக்கட்டுரை இம்மலரில் இடம்பெறுகிறது.

விதைத்தவர்கள்

இதன் வேர் கேரளத்தில் தொடங்குகிறது. 1962-இல் கோழிக்கோட்டில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் உருவானது. அறிவியலைத் தாய்மொழியில் எழுதவும் பேசவும் வேண்டும் என்று கூடிய எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் நாளடைவில் ஊர் ஊராகச் சென்று மக்களோடு பேசும் இயக்கமாக வளர்ந்தார்கள். 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்றது. சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த வரியை ஊர்த் திண்ணைக்குக் கொண்டுபோக ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை ஏற்க 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. சென்னையின் ஆய்வு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இருந்த இளம் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதைத் தொடங்கி வளர்த்தார்கள். கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம், பின்னாளில் விக்யான் பிரசார் நிறுவனத்தில் பணியாற்றிய த.வி. வெங்கடேஸ்வரன், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் டாக்டர் டி. சுந்தரராமன் போன்றோர் இந்த இயக்கத்தோடு தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள். ஆய்வுக்கூடத்தில் உயர் கணிதம் செய்த கையால் மாலையில் சுவரொட்டியும் ஒட்டிய தலைமுறை அது.

1982-இல் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுவை (என்.சி.எஸ்.டி.சி.) அமைத்தது. மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்வதற்கென்றே ஏற்பட்ட இந்தக் குழுவில் நரேந்திர சேகலும் அவருக்குப் பின் அனுஜ் சின்காவும் காட்டிய ஈடுபாடு நன்றியோடு நினைக்கத்தக்கது. அரசுக் குழு ஊக்கம் கொடுத்தது, தொண்டர் அமைப்புகள் ஆள் கொடுத்தன. மாநாடு பிற்காலத்தில் வளர்ந்ததும் இந்த உறவின் பலத்தில்தான்.

எண்பதுகள்: பாட்டும் பயணமும்

1987 இந்த வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாக முதன்முறை கொண்டாடப்பட்டது அந்த ஆண்டில்தான். 1928-இல் அதே நாளில் சர் சி.வி. ராமன் ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். அக்டோபர் 2 அன்று, காந்தியடிகள் பிறந்த நாளில், பாரத மக்கள் அறிவியல் பயணம் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து புறப்பட்டது. ராமன் பிறந்த நவம்பர் 7 அன்று, நச்சுவாயுவின் துயரத்தைச் சுமந்த போபால் நகரில் அது நிறைவடைந்தது. பாட்டு, வீதி நாடகம், வானவியல் படக்காட்சி என்று கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. மேடைக்கு மைக் இல்லாத ஊரில் தொண்டை கட்டும்வரை பாடினார்கள். தங்க இடம் இல்லாத ஊரில் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார்கள். சாப்பாடு ஊர்மக்கள் வீட்டிலிருந்து வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் சிறுவர்களுக்கான அறிவியல் மாத இதழாகத் 'துளிர்' வெளிவந்தது. தமிழில் குழந்தைகளுக்கென்றே அறிவியலைச் சொல்லும் ஒரு மாத இதழை விளம்பர வருவாயை நம்பாமல் நடத்த முடியும் என்பதை நிரூபித்த இதழ் அது. ஆசிரியர்கள் பையில் கட்டுக்கட்டாக எடுத்துச் சென்று பள்ளி பள்ளியாகச் சந்தா சேர்த்தார்கள். அதன் பெயரிலேயே துளிர் இல்லங்கள் தோன்றின. மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகள் கூடி, காகிதத்தை மடித்தும் கண்ணாடித் துண்டில் ஒளியைத் திருப்பியும் செய்து பார்த்துக் கற்ற இடங்கள் அவை. 1988-இல் பல மாநில அமைப்புகள் ஒன்றுகூடி அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு உருவானது. மாநாடு பிறப்பதற்கு முன்பே அதை நடத்தப்போகும் ஆட்கள் இப்படித் தயாராகிவிட்டார்கள்.

தொண்ணூறுகள்: மாநாடு பிறந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் அறிவொளி இயக்கத்தில் இறங்கினார்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் நடந்த எழுத்தறிவுப் பணி நாடே பேசும் ஒன்றாயிற்று. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். இரவில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் நடத்திய இளைஞர்களுக்கு, யாருக்கும் எதையும் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது.

1991-இல் அறிவியல் பரப்பும் அமைப்புகளை ஒருங்கிணைக்க என்.சி.எஸ்.டி.சி. நெட்வொர்க் தொடங்கப்பட்டது. அடுத்து, மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் அறிவியல் மையம் குழந்தைகளுக்கென ஓர் அறிவியல் மாநாட்டை நடத்திக் காட்டியது. விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் கூடி ஆய்வுக்கட்டுரை வாசிப்பதுபோலக் குழந்தைகளும் ஏன் கூடக்கூடாது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அது. அந்த முயற்சியை நாடு முழுதும் எடுத்துச்சென்று 1993-இல் முதலாவது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தலைநகர் டெல்லியில் நடந்தது. முதல் மாநாட்டின் மையக்கருத்து, உன் சுற்றுச்சூழலை அறிந்துகொள் என்பது. தமிழ்நாட்டில் அதை நடத்தும் பொறுப்பைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், புதுச்சேரியில் புதுச்சேரி அறிவியல் இயக்கமும் தலைமேல் எடுத்துக்கொண்டன.

மாநாட்டின் விதிகள் எளியவை, ஆழமானவை. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர வேண்டும். ஆரம்பக் காலத்தில் ஒரு குழுவில் ஐந்து பேர் வரை இருந்தார்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியர் உடனிருப்பார். தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, ஆட்களைச் சந்தித்து, அளந்து, கணக்கிட்டு, முடிவு சொல்ல வேண்டும். அன்றன்று செய்ததை அன்றன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அறிவியல் கண்காட்சியில் கடையில் வாங்கிய மாதிரியை வைத்துவிடலாம், இங்கே அது செல்லாது. பள்ளியில் படிக்காத குழந்தைக்கும் இதில் இடம் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி மொழி பற்றியது. அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட எந்த இந்திய மொழியிலும் ஆய்வைச் சொல்லலாம். தேசிய மேடையில் ஏறி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு, தமிழிலேயே தன் ஆய்வை விளக்கிய கிராமத்துப் பிள்ளைகள் நம்மில் பலரின் தலைமுறையில் உண்டு.

மாவட்ட மாநாடு ஒன்றை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலாது. ஞாயிற்றுக்கிழமை காலை, அரசு மேல்நிலைப் பள்ளி. வகுப்பறைக் கரும்பலகையில் நான்கு சார்ட் அட்டைகள் சணல் கயிற்றில் தொங்கும். ஒன்றில் கையால் வரைந்த ஊர் வரைபடம், ஒன்றில் வண்ணப் பென்சிலில் பட்டை வரைபடம். எண்ணெய் தடவி வாரிய தலையோடு நிற்கும் குழுத் தலைவி, எட்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். முன்வரிசையில் மூன்று மதிப்பீட்டாளர்கள். "எத்தனை வீட்டில் கேட்டீங்க? ஏன் அந்தத் தெருவை எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். அவள் குறிப்பேட்டைப் பிரித்து, தேதியோடு காட்டுவாள். வெளியே மரத்தடியில் பொட்டலம் பிரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடும் அடுத்த குழு, தன் பேச்சை ஒருமுறை ஒப்பித்துக்கொண்டிருக்கும். அந்தச் சாப்பாட்டுக்கும் சான்றிதழ் அச்சடிக்கவும் யாரோ ஓர் ஆசிரியர் கைக்காசு போட்டிருப்பார். மையத்திலிருந்து வந்த உதவி ஊக்கம் தரும் அளவுக்குத்தான் இருந்தது. மீதியை ஊர்தோறும் தொண்டர்கள்தான் திரட்டினார்கள்.

இரண்டாயிரங்கள்: வளர்ந்து பரவிய காலம்

புதிய நூற்றாண்டில் மாநாடு நிலைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மையக்கருத்து என்ற முறையில் உணவு, நீர்வளம், பல்லுயிர் வளம், நம் வீடாகிய பூமி என்று கருத்துகள் வந்தன. தேசிய மாநாடு டிசம்பர் 27 முதல் 31 வரை என்பது வழக்கமாயிற்று. நாடு புத்தாண்டுக்கு ஆயத்தமாகும் அந்த ஐந்து நாட்களைத் தொண்டர்கள் ஆண்டுதோறும் குழந்தைகளுக்கென ஒதுக்கினார்கள். 2004-இல் அந்த வாரம் தொடங்குவதற்கு முதல் நாள்தான் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்கள் கடலோரக் கிராமங்களில் நிவாரணப் பணியில் நின்றார்கள். அடுத்த ஆண்டும் மாநாட்டுப் பணி நிற்கவில்லை.

குழந்தைகளின் கேள்விகளைக் கேட்பதில் சலிக்காத டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் இந்த மாநாட்டின் அன்பான விருந்தினராக இருந்தார். அவர் குடியரசுத் தலைவரான பிறகு மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம், 2003 அக்டோபரில், ஐக்கிய அரபு அமீரகத்துக்குத்தான் என்பது வளைகுடாத் தமிழர்களுக்குத் தனிப் பெருமை. 2008-இல் 16-ஆவது மாநாடு நாகாலாந்தில் நடந்தது. 2010 டிசம்பரில் 18-ஆவது மாநாடு, நிலவளம் என்ற மையக்கருத்தோடு, சென்னைக்கு வந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகளை நம் தொண்டர்கள் வரவேற்றுத் தங்கவைத்து உணவளித்து அனுப்பினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது போன்ற வேலை அது.

கடல் கடந்த பள்ளிகள்

இதே காலத்தில் வளைகுடாவிலும் களம் தயாராகிக்கொண்டிருந்தது. இங்கே இந்தியப் பள்ளிகளின் வரலாறு நீண்டது. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950-இலும், குவைத் இந்தியச் சமூகப் பள்ளி 1959-இலும் தொடங்கின. துபாய் இந்திய உயர்நிலைப் பள்ளி 1961-இல் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவாவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு. 1975-இல் அபுதாபி இந்தியப் பள்ளியும் மஸ்கட் இந்தியப் பள்ளியும் வந்தன. பிழைப்புக்காகக் கடல் கடந்த பெற்றோர் தம் பிள்ளைகளின் படிப்புக்காகக் கூடி எழுப்பிய சமூகப் பள்ளிகள் இவற்றில் பல. தொண்டு இம்மண்ணில் நமக்குப் புதிதில்லை.

அந்த அடித்தளத்தின் மேல் அறிவியல் தொண்டர்கள் கால் வைத்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் நண்பர்களாக அமீரகத்தில் திரண்டவர்கள் குழந்தைகளுக்கான அறிவியல் விழாக்களை நடத்தினார்கள். விஞ்ஞான பாரதி அமைப்பின் வழிகாட்டலிலும் இந்தியத் தூதரகங்களின் ஆதரவிலும் சயின்ஸ் இந்தியா ஃபோரம் அமீரகம், குவைத், ஓமான், பஹ்ரைன், கத்தார் நாடுகளில் இயங்கியது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் மாணவர்களுக்காக அதன் தொண்டர்கள் நடத்திய சாஸ்திர பிரதிபா தேர்வு வளைகுடாப் பெற்றோர் நன்கு அறிந்த பெயராயிற்று. அதே தொண்டர்களின் முயற்சியில் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இங்கே வேரூன்றியது. ஊரில் மாவட்ட மாநாட்டுக்கு நின்ற வரிசையைப் போலவே, இங்கேயும் பள்ளிக்கூட அரங்குகளில் ஆய்வறிக்கையோடு பிள்ளைகள் நின்றார்கள்.

இங்கே தொண்டு செய்வதில் உள்ள சிரமம் இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். வாரம் முழுதும் அலுவலகம், பணித்தளம், மருத்துவமனை. கிடைப்பது வார விடுமுறை ஒன்றுதான். நீண்ட காலம் வெள்ளிக்கிழமைதான் கூட்டங்களுக்கான நாள். வாகனம் வைத்திருப்பவர் ஷார்ஜாவில் நால்வரை ஏற்றிக்கொண்டு அபுதாபி போய் மதிப்பீடு முடித்து நள்ளிரவில் திரும்புவார். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறை. பாதிக் குழு ஊருக்குப் போய்விடும். ஊரிலிருந்தபடியே குறிப்பேட்டை நிரப்பி, செப்டம்பரில் வந்து ஒன்றுசேர்வார்கள். இடையில் ஒரு தந்தைக்கு வேலை மாறினால் குழுவில் ஒருவர் குறைவார். அத்தனைக்கும் நடுவே அறிக்கை நேரத்தில் முடிந்துவிடும்.

கேள்விகளும் இந்த மண்ணுக்கு உரியவையாகவே அமைகின்றன. ஆறு இல்லாத நாட்டில் குழாயில் வருவது கடலிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர். வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில் ஒவ்வொரு வீட்டு ஏசியிலிருந்தும் சொட்டும் நீர் வீணாகப் போகிறது. பால்கனியில் ஒரு வாளியை வைத்து, காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் அளவுக்குடுவையால் அளந்து, அன்றைய ஈரப்பதத்தை அருகில் குறித்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும். காற்றில் ஈரம் ஏறும் நாளில் வாளி சீக்கிரம் நிறைவதைத் தன் கண்ணால் கண்டவனுக்கு ஆவி குளிர்ந்து நீராவது பற்றிய பாடத்தை யாரும் தனியே நடத்த வேண்டியதில்லை. கடற்கரையோர அலையாத்தி மரங்கள், பேரீச்சையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டு, அமீரகத்தின் தேசிய மரமான காஃப், ஜன்னலில் படியும் தூசி என்று ஆய்வுக்குரியவை நம் வாசலிலேயே இருக்கின்றன. காஃப் நம் ஊர் வன்னி மரம்தான் என்று அறியும் பிள்ளை, இரண்டு மண்ணையும் ஒருசேரப் புரிந்துகொள்கிறது.

இரண்டாயிரத்துப் பத்துகள்: உலகோடு கைகோத்த பத்தாண்டு

இந்தப் பத்தாண்டில் மாநாடு ஜெய்ப்பூர், வாரணாசி, போபால், பெங்களூரு என நகர்ந்தது. எரிசக்தி, வானிலையும் காலநிலையும், நீடித்த வளர்ச்சி ஆகியவை மையக்கருத்துகளாக இருந்தன. வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளி மாணவர்களுக்கும் ஆசியான் நாடுகளின் மாணவர்களுக்கும் இதே மேடை கிடைத்தது. 2019 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த 27-ஆவது மாநாட்டில், இந்திய மாநிலங்களின் பிள்ளைகளோடு இவர்களும் அருகருகே நின்று தங்கள் ஆய்வை விளக்கினார்கள். 1993-இல் தொடங்கிய அந்த மேடை கடல் தாண்டியும் விரிந்திருந்தது.

நாம் வாழும் நாடுகளும் அறிவியலுக்குப் பெரிய வாசலைத் திறந்தன. 2019 செப்டம்பர் 25 அன்று ஹஸ்ஸா அல் மன்சூரி விண்வெளிக்குச் சென்ற முதல் அமீரகர் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச இளையோர் அறிவியல் ஒலிம்பியாட் தோகாவில் நடந்தது. 2021 பிப்ரவரி 9 அன்று அமீரகத்தின் 'ஹோப்' விண்கலம் செவ்வாயைச் சென்றடைந்தது. 2014-இல் மங்கள்யானைக் கொண்டாடிய நம் வீடுகளில் அதுவும் கொண்டாடப்பட்டது.

இருபதுகள்: சோதனையும் தொடர்ச்சியும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஊர் சுற்றி ஆய்வு செய்வதே உயிரான ஒரு மாநாட்டுக்கு அது பெரும் சோதனை. தொண்டர்கள் சோர்ந்துவிடவில்லை. வழிகாட்டி ஆசிரியர்கள் கைபேசித் திரையில் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். சமையலறையும் மொட்டை மாடியும் ஆய்வுக்களமாயின. 2023 ஜனவரியில் 30-ஆவது தேசிய மாநாடு அகமதாபாத் அறிவியல் நகரில் பிள்ளைகளை மீண்டும் நேரில் ஒன்றுசேர்த்தது. உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் சூழல் அமைப்பைப் புரிந்துகொள்வது என்பதே அதன் மையக்கருத்து.

2023 ஜூலையில் சர்வதேச உயிரியல் ஒலிம்பியாட் அல் ஐனிலும், 2024-இல் சர்வதேச வேதியியல் ஒலிம்பியாட் ரியாத்திலும், 2025 ஜூலையில் அதே வேதியியல் ஒலிம்பியாட் துபாயிலும் நடந்தன. உலகின் பள்ளி மாணவர்கள் நம் வாசலுக்கே வந்த ஆண்டுகள் இவை. இத்தகைய மேடைகளை நோக்கி வளரும் பிள்ளைக்கு முதல் படி, தன் தெருவைப் பற்றித் தானே கேட்ட கேள்விதான்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றில் பெயர் பதிவானவர்கள் சிலர். பதிவாகாதவர்கள் பல்லாயிரம் பேர். சார்ட் கட்டியவர், சாதம் பொட்டலம் போட்டவர், இரவெல்லாம் அறிக்கை திருத்தியவர், பிள்ளைகளை ரயிலில் அழைத்துச்சென்று அழைத்துவந்தவர் என எல்லோருக்கும் இம்மலர் தலைவணங்குகிறது. வளைகுடாவில் இன்று பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கும் தமிழர்களில், ஒரு காலத்தில் மாவட்ட மாநாட்டில் சணல் கயிற்றில் சார்ட் தொங்கவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று யாரோ ஒருவர் தம் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

அந்தக் கடனைத் திருப்பித் தர இன்று வழி உண்டு. ஆண்டுக்கு இரண்டு விடுமுறை நாட்களை மாநாட்டுக்குக் கொடுங்கள். மதிப்பீட்டாளராக வாருங்கள், ஒரு குழுவுக்கு வழிகாட்டியாக நில்லுங்கள், உங்கள் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து ஒரு குழு அமையுங்கள். வீட்டுக்கு ஒரு 'துளிர்' வாங்குங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாமல், "நீயே அளந்து பார்" என்று சொல்லுங்கள்.